சிலைக்குக் கீழே ஒரு பெயர்

அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்திருக்கும் மேயர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிற்பக் கல்லூரி முதல்வர் அவர்களே, என்னை அழைத்த வாசகர் வட்டத்தாரே, இடமில்லாமல் நின்றுகொண்டு கேட்கும் நண்பர்களே, வணக்கம். மேயர் அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டுமாம். இருந்து கேட்பதற்கு அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

கடைக்கோ பேங்குக்கோ போகிற வழியில் நிற்கும் மிருகச் சிலைகளைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: யார் செய்தது, எதில் செய்தது, எப்படிக் காப்பது. 'கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்பார்கள். அவசரத்தில் நடக்கிற நமக்கு இரண்டுமே கண்ணில் படுவதில்லை.

டோக்கியோவில் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வெளியே ஹச்சிகோ என்ற நாயின் சிலை இருக்கிறது. ஒரு பேராசிரியர் வளர்த்த நாய். அவர் ரயிலை விட்டு இறங்கும் நேரத்துக்கு வந்து நிற்கும். 1925 மே மாதம் ஒரு நாள், வேலைக்குப் போன இடத்திலேயே அவர் இறந்துபோனார். நாயிடம் யார் போய்ச் சொல்வது? அது வந்தது. மறுநாளும் வந்தது. வருஷக்கணக்கில் வந்தது! முதலில் விரட்டினார்கள்; பத்திரிகையில் செய்தி வந்ததும் தீனி வைத்தார்கள். 1934-ல் வெண்கலச் சிலை வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு அந்த நாயே வந்திருந்தது! அடுத்த வருஷம் செத்துப்போனது. அப்புறம் போர். உலோகம் வேண்டுமென்று சிலையை எடுத்து உருக்கிவிட்டார்கள். அதைச் செய்த சிற்பி டெரு ஆண்டோவும் போரில் மாண்டார். 1948-ல் மறுபடி சிலை வந்தது. செய்தவர் யார்? அவருடைய மகன், தகேஷி ஆண்டோ!

நாயின் பெயர் உலகத்துக்கே தெரியும். இந்த அப்பா, மகன் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? நாயைக் கண்டோம், கல்லைக் காணோம்! லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துச் சிங்கங்களோடு படம் எடுக்காதவர் இல்லை. 1867-ல் அவற்றை வடித்த எட்வின் லேண்ட்சீரை யார் நினைக்கிறார்கள்?

வெண்கலத்தைத் தொட்டுத் தொட்டே தேய்க்கிறோம். எடின்பரோவில் பாபி என்ற நாய்ச் சிலையின் மூக்கு அப்படித்தான் நிறம் போனது. சரி, பராமரிப்பை முதல்வர் அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

மேயர் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மிருகச் சிலைக்குக் கீழேயும் ஒரு பலகை வையுங்கள். திறந்துவைத்தவர் பெயருக்குக் கீழே அல்ல, மேலே, அதே அளவு எழுத்தில், சிற்பியின் பெயர் வேண்டும். பள்ளிப் பிள்ளை நின்று படிக்கிற உயரத்தில் வேண்டும். மனுவில் கையெழுத்து வாங்கும் தாள் வாசலில் இருக்கிறது.