"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் செவிலியர் கல்லூரி ஆசிரியை. நோயாளிக்கு விளங்கும்படி சொல்வதை மாணவிகளுக்கு எப்படிக் கற்றுத்தருவது என்பதுதான் என் நெடுநாள் கவலை.

டிஸ்சார்ஜ் நாளை நினைத்துப்பாருங்கள். நர்ஸ் மாத்திரை அட்டைகளைக் காட்டி மளமளவென்று சொல்லி, கடைசியில் "புரிந்ததா?" என்பார். நீங்கள் தலையாட்டுவீர்கள். பிறகு மருந்துக்கடைக்காரரிடம் மறுபடி கேட்பீர்கள். நாலு பேர் முன்னால் புரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதனால் என் வகுப்பில் அந்தக் கேள்விக்கே தடை. "வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள், எனக்குச் சொல்லிக்காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். நோயாளி தடுமாறினால் மாணவி வேறு விதமாக விளக்க வேண்டும்.

இதற்கு நான் அலுக்காமல் சொல்லும் கதை வங்கதேசத்துடையது. 1980இல் பிராக் என்ற தொண்டு நிறுவனம், வயிற்றுப்போக்கில் குழந்தைகள் நீர் வற்றிச் சாவதைத் தடுக்க, பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. அவர்கள் கற்றுத்தந்த கரைசல் இதுதான்: மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். தாய் தன் கையாலேயே கலக்க வேண்டும். கவனியுங்கள், தாயின் கையால்! பிறகு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், அந்தத் தாய்க்கு என்னென்ன நினைவிருக்கிறது என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே ஊழியருக்குக் கூலி. பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள்! நம் தேர்வுகளிலோ மாணவி என்ன பேசினாள், சார்ட் எவ்வளவு அழகு என்பதற்குத்தான் மதிப்பெண். கேட்டவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இன்று அந்தக் கரைசலுக்கான உப்பு-சர்க்கரைத் தூள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டாகவே கிடைக்கிறது. ஆனால் குழந்தை அவ்வளவு குடிக்காதே என்று டம்ளர் நீரில் கொஞ்சம் தூளைப் போடுகிறவர்கள் உண்டு. கரைசல் அடர்ந்துவிட்டால் ஆபத்து. பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் குடிநீரில் கலக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். இதையும் வாயால் சொன்னால் போதாது, பாட்டிலைக் கொடுத்துக் கலக்கச் சொல்ல வேண்டும்.

இன்சுலின் ஊசி, இன்ஹேலர் பற்றியும் குறிப்பு வைத்திருந்தேன். ஆனால் நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் அது பெரும்பாலும் மாத்திரையால்தான், பயந்து நிறுத்திவிடாதீர்கள். வணக்கம்.