எலும்புக்குள் ஒரு முப்புரிக் கயிறு

(கடலூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

முதுநகர் துறைமுகத்தில் படகு கட்டும் கயிற்றைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். மூன்று புரி. தனித்தனியாக இழுத்தால் அறுந்துவிடும்; முறுக்கினால் படகையே பிடித்து நிறுத்தும். நம் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதமும் அப்படித்தான். நான் கணினியில் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் கயிற்றை.

இந்த முப்புரியைச் சொன்னவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். 1954-ல் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அணுக்களை ரொம்பவும் நெருக்கி வைத்துவிட்டார்கள் என்று வெளிநாட்டிலிருந்து ஆட்சேபம் வந்தது. சரி, எவ்வளவுதான் நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். அதிலிருந்து 1963-ல் வந்ததுதான் ராமச்சந்திரன் வரைபடம். குறை சொன்னவர்களுக்கு நாம் ஒரு கும்பிடு போடலாம்! இன்றும் ஒரு புரத வடிவம் சரியா என்று அந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

ஒரு புரியில் ஏறக்குறைய 1,000 அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தைக் கோக்கிற மணிகள். மூன்றுக்கு ஒன்று கிளைசின். இருபது வகை அமினோ அமிலங்களில் அதுதான் ஆகச் சிறியது. மூன்று பேர் சீட்டில் நடுவில் ஒல்லிப் பையனை உட்காரவைப்பது மாதிரி. மரபணுவில் ஓர் எழுத்து மாறி, அங்கே ஒரு பருமனான ஆள் வந்து உட்கார்ந்தால் முறுக்கு தளர்கிறது. லேசாக விழுந்தாலே எலும்பு முறிகிற குழந்தைகள் சிலருக்கு நேர்ந்தது இதுதான். ஆனால் அதே மாற்றம் ஓரிடத்தில் லேசான நோய், இன்னோரிடத்தில் உயிருக்கே ஆபத்து. ஏன்? என் வேலை அங்கே தொடங்குகிறது.

ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்து, ஒவ்வொரு துணுக்கிலும் ஒவ்வோர் அணுவும் எங்கே நகர்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் வந்தாயிற்றே, 2024-ல் நோபலும் கொடுத்தாயிற்றே, அப்புறம் உங்களுக்கு என்ன வேலை என்கிறார்கள். அது காட்டுவது அசையாத வடிவம். ஓர் எழுத்து மாறினாலும் பல நேரம் பழைய வடிவத்தையே காட்டும். கயிறு எங்கே நைகிறது என்பது இழுத்தால்தானே தெரியும்?

உள்ளே வரும்போது ஓர் அம்மா கேட்டார்கள், கொலாஜன் பொடி சாப்பிட்டால் முட்டியில் போய்ச் சேருமா என்று. வயிற்றுக்குள் போனதுமே அது துண்டு துண்டாகிவிடும், அம்மா. அப்படியே போய் முட்டியில் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் முறுக்கு இறுகி நிற்க வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காமல்தான் அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. நெல்லிக்காய் சாப்பிடுங்கள். பொடியைவிட விலையும் குறைவு.