ஷ்ரைவ்: ஒரு பழைய ஆங்கில வினைச்சொல்

நேயர்களுக்கு வணக்கம். மக்களின் கோரிக்கையையோ ஒரு குழுவின் பரிந்துரையையோ அரசு காதுகொடுத்துக் கேளாமல் தள்ளிவிட்டால், அதற்கு ‘ஷார்ட் ஷ்ரிஃப்ட்’ கொடுத்துவிட்டது என்று ஆங்கில நாளிதழ்கள் எழுதும். இத்தொடரைச் சரளமாகக் கையாள்வோரும், அதற்கு அடிப்படையான ‘ஷ்ரைவ்’ என்னும் வினையைத் தனியே பயன்படுத்துவது அரிது.

ஒருவரின் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது அவர் தம் பாவங்களை அறிக்கையிடுவதை, கிறிஸ்தவக் குருவானவர் கேட்டு, பரிகாரம் விதித்து, மன்னிப்பு வழங்குவதே ஷ்ரைவ். எழுதுதலைக் குறிக்கும் ‘ஸ்க்ரீபெரே’ என்னும் இலத்தீன் வினையே இதன் வேர். ஜெர்மானியரும் டச்சுக்காரரும் அதை எழுதுதல் என்ற பொருளிலேயே வைத்துக்கொள்ள, எழுதுவதற்குத் தம் சொந்தச் சொல்லையே வைத்துக்கொண்ட ஆங்கிலேயர் இதைப் பரிகாரம் விதிப்பதற்கு உரியதாக்கினர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்று 1215ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபையின் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தால் இங்கிலாந்தில் அக்கடமை நீங்கவே, வினையும் வழக்கிலிருந்து மெல்ல ஒதுங்கியது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாளை மட்டும் இன்றும் ‘ஷ்ரோவ்’ செவ்வாய் என்கிறார்கள்.

சுருக்கமான பாவசங்கீர்த்தனம் என்று பொருள்படும் ‘ஷார்ட் ஷ்ரிஃப்ட்’ என்பதன் கடுமையை உணர, ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தைப் பார்க்க வேண்டும். 1483இல் தலை வெட்டப்பட்ட ஹேஸ்டிங்ஸ் பிரபுவை அங்கே கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்பவர், கோமகன் ரிச்சர்ட் உணவருந்த வேண்டும், உம் தலையைக் காணத் துடிக்கிறார், ஆகவே பாவசங்கீர்த்தனத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளும் என்று அவசரப்படுத்துகிறார். சாகப்போகிறவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே ஆறுதலையும் இன்னொருவரின் பசிக்காகக் குறைக்கும் அந்தக் கொடுமையை எண்ணும்போதெல்லாம், இத்தொடரை இவ்வளவு இலேசாக எழுதுகிறோமே என்று எனக்கு வருத்தமுண்டு.

எனவே, வெறுமனே நேரம் போதவில்லை என்று சொல்ல இது ஏற்றதன்று. பொறுமையாகக் கேட்கப்பட வேண்டிய ஒன்று கேட்கப்படாமல் புறக்கணிக்கப்படும் இடத்திலேயே இதன் முழு வலிமை வெளிப்படும். ‘ஷார்ட் ஷிஃப்ட்’ என்று சிலர் எழுதுவது பிழை. ஷ்ரைவ் என்னும் வினையைத் தனியே எழுத விரும்புவோர் சமயம் சார்ந்த இடங்களிலும் வரலாற்றுப் புனைவுகளிலும் எழுதலாம். அதன் இறந்தகாலம் ‘ஷ்ரோவ்’, ‘ஷ்ரைவ்ட்’ என இரண்டு வடிவங்களிலும் அகராதிகளில் உள்ளது.