மெக்கானிக்கல் படிக்கலாமா?

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மாணவர்கள் என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்விதான் இன்றைய பேச்சு. "மெக்கானிக்கல் இன்ஜினியரிங் எடுக்கலாமா, சார்?" ஏன் எடுக்கத் தோன்றுகிறது என்று திருப்பிக் கேட்டால், "பைக், கார் என்றால் எனக்கு உயிர்" என்பார்கள். சிலர், "கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறேன்" என்பார்கள். "வீட்டில் சொன்னார்கள்" என்று இழுப்பவர்களும் உண்டு. எதுவும் தப்பான பதில் இல்லை. ஆனால் இவற்றை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் சேர்ந்துவிடக் கூடாது என்பது, இதைப் பல காலமாகச் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

வண்டி மேல் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் வண்டி கண்ணிலேயே படாது. விசை, திருப்புத்திறன், வெப்பம், நீரோட்டம், உலோகத்தின் குணம், அப்புறம் கணக்கு, மேலும் கணக்கு. எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் ஏறத்தாழ இதுதான் கதை. இதையெல்லாம் தாண்டினால்தான் என்ஜின். என்ஜினுக்கு ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள் நடுவழியில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்குகளிலேயே ருசி கண்டவர்கள் சோர்வதில்லை.

ருசி என்று எதைச் சொல்கிறேன்? ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். கையில் பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி. அதை 50 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்குகிறோம். எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, சுமார் 12 மைக்ரான் நீளும். 12-ஐ 50-ஆல் பெருக்கினால் 600 மைக்ரான், அதாவது 0.6 மில்லிமீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றும். சரி, இப்போது அதே கம்பியின் இரண்டு முனைகளையும் அசையாத சுவர்களுக்கு நடுவே பிடித்துவைத்துச் சூடாக்குங்கள். நீள இடமில்லை. அந்த 0.6 மில்லிமீட்டரை யாரோ நசுக்கி உள்ளே தள்ளியதுபோல் கம்பிக்குள் அழுத்தம் ஏறும். எவ்வளவு? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,200 கிலோ எடை வைத்த அளவுக்கு! சுவர் தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே நிறுத்தி வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன். கம்பி ஒரு மீட்டருக்குப் பதில் பத்து மீட்டராக இருந்தால் இந்த அழுத்தம் கூடுமா, குறையுமா? பாதி வகுப்பு கூடும் என்று சொல்லும். உண்மையில் அதேதான் இருக்கும். பத்து மடங்கு நீளத் துடிக்கும், ஆனால் அந்த நெருக்கடியைப் பகிர்ந்துகொள்ளப் பத்து மடங்கு நீளமும் இருக்கிறது. அதோடு முடியவில்லை. கம்பி மெல்லியதாக இருந்தால், அவ்வளவு அழுத்தம் ஏறும் முன்பே பக்கவாட்டில் வில்லாக வளைந்துவிடும். எப்போது வளையும் என்பதற்கு ஆய்லர் என்ற கணித மேதை 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் நீளம் தலைகீழாக விளையாடும்: நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சுமை கால் பங்காகிவிடும்.

இதைக் கேட்டதும், "அட, ஒரு இடத்தில் நீளம் பொருட்டே இல்லை, இன்னொரு இடத்தில் நீளம்தான் எல்லாமா?" என்று உங்களுக்குள் ஒரு பரபரப்பு வந்தால், மெக்கானிக்கல் உங்களுக்கு ஒத்துவரும் என்று தைரியமாகச் சொல்வேன். எப்போது கார் பற்றிப் பேசுவார் என்றே தோன்றிக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுத்து யோசியுங்கள். ஆட்டோமொபைல் தொழில்நுட்பப் படிப்புகள், பட்டறைப் பயிற்சிகள் தனியாக இருக்கின்றன. அவை தாழ்ந்தவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல மெக்கானிக் கிடைப்பது நல்ல பொறியாளர் கிடைப்பதைவிட அரிது.

கணக்கில் மார்க் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வகைக்கெழு, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் தினமும் தேவைப்படும். ஆனால் பள்ளிக் கணக்கில் கேள்வியைக் கொடுத்துவிடுவார்கள். இங்கே கேள்வியை நீங்களே வரைந்துகொள்ள வேண்டும். எந்தப் பொருளைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது, அதன் மேல் எந்தெந்த விசை எங்கெங்கே, எதை விட்டுவிடலாம் என்று முதலில் படம் போட வேண்டும். ஃப்ரீ பாடி டயகிராம் என்பது அதுதான். படம் தப்பினால் அதற்குப் பிறகு எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டாலும் வீண்.

வீண் என்றால் தேர்வில் மார்க் போவதோடு நிற்காது. 1952இல் பயணிகள் சேவைக்கு வந்த முதல் ஜெட் விமானம் காமெட். 1954இல் அவற்றில் இரண்டு, சில மாத இடைவெளியில், நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. காரணம் தேட ஒரு முழு விமான உடலையே பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏறி இறங்கும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். உடலில் வெட்டப்பட்ட திறப்பு ஒன்றின் மூலையில் விரிசல் தொடங்கிக் கிழிந்தது. மூலைகளில் அழுத்தம் குவியும், ஒரே தடவையில் உடையாத உலோகமும் ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால் களைத்து உடையும். இன்று மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மெஷின் டிசைன் பாடத்தில் போடும் கணக்கு இது. ஒவ்வொரு தடவை இதை நடத்தும்போதும் எனக்கு மனசு கனத்துப்போகும். உயிர்கள் போன பிறகு தெளிவான பாடத்தை நாம் பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பட்டறை வகுப்பு பற்றியும் சொல்ல வேண்டும். அரத்தால் ஒரு இரும்புத் துண்டை ராவிச் சதுரமாக்கச் சொல்வார்கள். கை வலிக்கும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியும், மறுபடி ராவ வேண்டும். உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தில் நிற்கும்போது, மைக்ரோமீட்டர் என்ற அளவுக்கருவியில் 0.01 மில்லிமீட்டர் என்பது கைக்குப் புரியும். தாளில் ஒரு கோடு போட்டு அளவு எழுதுவது எவ்வளவு சுலபம், அதை உலோகத்தில் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர் வரைந்த படத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

வேலை? பெற்றோர் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். மின்சார வண்டி வந்துவிட்டதே, இனி என்ஜின் எதற்கு என்று கேட்கிறார்கள். என்ஜின் குறையும், அது உண்மை. எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதியை வீணாக்கியே ஆக வேண்டிய இயந்திரம் அது. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த இயந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ 1824இலேயே காட்டிவிட்டார். ஆனால் மின்சார வண்டியின் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடானால் ஆயுள் குறையும், தீப்பிடிக்கவும் கூடும். அதைக் குளிர்விப்பது யார் வேலை? மோட்டாருக்கும் பேரிங் வேண்டும், கியர் வேண்டும். கணினி மையங்களில் குவியும் சூட்டை வெளியேற்றுவது, காற்றாலையின் ஷாஃப்ட், செயற்கை இடுப்பு மூட்டு, ரோபோவின் கை, எல்லாவற்றிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. அதனால்தான் பட்டப்படிப்பிலேயே குறுகலான பிரிவுக்குள் போவதைவிட, முதலில் அகலமாக மெக்கானிக்கல் படித்துவிட்டுப் பிறகு பிரியலாம் என்று நினைக்கிறேன். புரோகிராமிங்கையும் ஒதுக்கிவைக்காதீர்கள், இப்போது அதில்லாமல் ஒரு வடிவமைப்பும் நகராது.

பெண் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். "இது ஆண்கள் படிப்பு, இரும்பு தூக்க வேண்டும்" என்று சொல்லிப் பலரைத் திருப்பிவிடுகிறார்கள். இரும்பு தூக்கத்தான் கிரேன் இருக்கிறது, அதையும் நாம்தான் வடிவமைக்கிறோம். உங்களுக்கு ஆர்வமிருந்தால் இந்தக் காரணத்துக்காக விட்டுவிடாதீர்கள்.

முடிவெடுக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். பழுதான மிதிவண்டியின் பின் சக்கரத்தையோ, நின்றுபோன மின்விசிறியையோ கழற்றிப் பாருங்கள். மின்விசிறி என்றால் இணைப்பை எடுத்துவிட்டு, பெரியவர் ஒருவர் துணையோடு. எது தேய்ந்திருக்கிறது, ஏன் அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்தது என்று எழுதிப் பாருங்கள். அப்புறம், முதலாண்டு ஸ்டாடிக்ஸ், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்களின் மேல் உள்ள விசைகளைப் பற்றிய பாடப் புத்தகம் ஒன்றை எடுத்து, விடை பின்னால் இருக்கும் கணக்குகளில் பத்தைப் போடுங்கள். பல தப்பாகத்தான் வரும். ஏன் தப்பு என்று தேட இரவு கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தீர்களா, புத்தகத்தை மூடிவிட்டீர்களா என்பதைக் கவனியுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது முகப்புக் கட்டடத்தோடு திரும்பிவிடாமல் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். லேத்துகளில் எத்தனை ஓடுகின்றன, மாணவர்கள் தாங்களே அவற்றை இயக்குகிறார்களா, தூர நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்று அங்கே படிப்பவர்களையே கேளுங்கள். சரியான பதில் அவர்களிடம்தான் கிடைக்கும்.

வணக்கம்.