அப்பத்தாவுக்குக் கிளினிக்கில் 168, வீட்டில் 132: எது நிஜப் பிரஷர்?

வணக்கம் மக்களே. காலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல் தெரிகிறதா, கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் சேவல் கூவினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பிரஷர் பற்றித்தான் பேச்சு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் கிடையாது. காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் ஒன்பது வருடமாக பார்மசிஸ்ட். சீட்டு எழுதுகிறவர்களைவிட அதை எடுத்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும்.

போன மாதம் அப்பத்தாவை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்ததும் உட்காராததுமாக ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "என்ன ஆச்சி, பேரனுக்குக் கல்யாணம் எப்போ?" என்று கேட்டுக்கொண்டே காற்றடித்தார்கள். அப்பத்தாவா சும்மா இருப்பார், பெண் பார்த்த கதை முழுவதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். 168/94. ஏற்கெனவே போடுகிற பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5-க்கு மேல் இன்னொரு மாத்திரை எழுதியாகிவிட்டது. எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. புது மாத்திரையை ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம் வீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வரலாமா என்று அங்கேயே டாக்டரிடம் கேட்டேன், சரி என்றார். உலகத்தில் எந்த வழிகாட்டியைப் புரட்டினாலும் அளக்கும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். அரை மணி நேரத்துக்கு முன்னால் காபியோ பீடியோ கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும் (அப்பத்தாவுக்கு இதுதான் பெரிய தண்டனை). கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும், தொங்கினால் எண் ஏறும். பட்டையைத் துணி இல்லாத கையில் கட்ட வேண்டும், கை பெருத்தவர்களுக்குச் சின்னப் பட்டை போட்டாலும் எண் கூடுதலாகத்தான் காட்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். இப்படிக் காலையும் மாலையும் பட்டாலையில் உட்காரவைத்து ஒரு வாரம் எழுதினேன், சராசரி 132/76.

அந்தச் சீட்டைக் காட்டியபோது டாக்டர் அப்பத்தாவை நிற்கவைத்தும் பார்த்தார். மேல் பிரஷர், அதாவது முதல் எண், 112! உட்கார்ந்து எழுந்தால் 20 குறைகிறது. "எந்திரிச்சாக் கண்ணைக் கட்டுது ஆத்தா" என்று அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் வயசுக் கோளாறு என்று தள்ளிவிட்டிருந்தோம். இரண்டாவது மாத்திரையை டாக்டரே அடித்துவிட்டார். அதைப் போட்டு ராத்திரி எழுந்து நடந்திருந்தால், வளவுப் படியில் விழுந்து இடுப்பெலும்பு போயிருக்கும்.

சரி, கடையில் எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன், 130-ஆ 140-ஆ? 2017-இல் அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 130/80-ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தம் என்றார்கள். ஐரோப்பியர்கள் 2024-இலும் 140/90-இல்தான் கோடு போட்டார்கள், 120/70-இலிருந்தே "ஏறிய நிலை" என்று தனியாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 140/90-இல் மாத்திரை தொடங்கச் சொன்னது, ஏற்கெனவே இதய நோய் இருந்தால் மேல் பிரஷர் 130-இலேயே. ஆக 134 காட்டுகிற ஒருவர் அமெரிக்காவில் நோயாளி, ஐரோப்பாவில் அரைக்கிணறு. அதற்காக அமெரிக்காவிலும் 134-க்கு உடனே எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பதில்லை, சர்க்கரை, சிறுநீரகம், மாரடைப்பு ஆபத்து எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

மேல் பிரஷரை 120-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு பெரிதாகக் கிளம்பியது 2015-இல் ஸ்பிரிண்ட் என்ற ஆய்வு வந்த பிறகு. சர்க்கரை இல்லாத, ஆனால் இதய ஆபத்து அதிகமுள்ள 9,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, மேல் பிரஷரை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கால்வாசி குறைந்தன. மயக்கமும் சிறுநீரகத் தொந்தரவும் கூடின. அங்கே ஐந்து நிமிடம் ஓய்வுக்குப் பிறகு, தானியங்கி மிஷினில் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுத்தார்கள். அந்த 120-ஐக் கொண்டுவந்து, மாடி ஏறி வந்த அப்பத்தாவின் ரவிக்கைக் கையில் பொருத்தினால் எப்படி?

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப மாத்திரையே வேண்டாம்" என்று யாராவது கிளம்பினால் எனக்குப் பயம். கடைக்கு ஒரு அண்ணன் வருவார், அட்டையில் ஐந்து மாத்திரை மட்டும் வெட்டிக் கேட்பார். "தலை சுத்தினாத்தான் போடுவேன் தங்கச்சி, இப்ப நார்மலா இருக்கு." அண்ணே, மாத்திரை போடுவதால்தான் நார்மல்! பிரஷர் பெரும்பாலும் தலையைச் சுற்றவைக்காது, ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் கை கால் இழுத்துக்கொள்ளும்போதுதான் தெரியும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கினாலோ எனலாப்ரிலால் வறட்டு இருமல் வந்தாலோ டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார், நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்குகிறவர்களும் பிரஷர் இருப்பதை எங்களிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள், அது பிரஷரை ஏற்றும்.

அப்புறம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, ஒரு சின்ன தேக்கரண்டி, சோறு குழம்பு எல்லாம் சேர்த்து. நம் ஊரில் அது மாவடு, மோர்மிளகாய், அப்பளத்திலேயே தீர்ந்துவிடும், உப்புக்கண்டம் வறுத்த அன்றைக்குக் கணக்கே வேண்டாம். இந்துப்பு நல்லது என்று வாங்கிப் போகிறீர்களே, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த பொட்டாசியம் உப்பு வேறு சரக்கு, அது உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை போட்டாலோ, டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

இதோ அப்பத்தா வந்துவிட்டார், மொட்டைமாடியில் வற்றல் காய்கிறதாம், காக்கா விரட்ட ஆள் வேண்டுமாம். அப்பத்தா, உட்காருங்க, சாயங்காலப் பிரஷர் பார்க்கணும்... பேசாதீங்க அப்பத்தா, ஐந்து நிமிஷம்!