தாய்க்கு யார் நிறை பார்ப்பது?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

முப்பது வருடத்துக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் எங்களை 'மிட்வைப் மிஸ்' என்பார்கள். முதலில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்தேன், பிறகு வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கம். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் நிலையத்தார் என்னை அழைத்தார்கள். நான் பிள்ளையைப் பற்றியும் பேசுவேன். ஆனால் தாயிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

கிளினிக் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாலர் பாடசாலைக் கட்டிடத்தின் வளையில் தராசைக் கட்டித் தொங்கவிடுவோம். பிள்ளையைத் துணிக் காற்சட்டைக்குள் இறக்கி அதில் கொளுவுவோம். பிள்ளை காலை உதறிக் கத்தும். முள் ஒரு இடத்தில் நின்றதும் பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பியில் புள்ளி வைப்போம். கோடு ஏறினால் 'நல்லது', இறங்கினால் 'என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?' என்ற கேள்வி. பிறகு திரிபோஷா என்ற சத்துமாப் பைக்கற்றைக் கையில் கொடுத்து அடுத்த பெயரைக் கூப்பிடுவோம். அந்தத் தராசில் எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். அவர்களைத் திரும்பத் தூக்கி இடுப்பில் வைத்த தாய்மாரில் எத்தனை பேருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தேன் என்று கேட்டால், இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன். ஊரையும் மற்ற அடையாளங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

குருமண்வெளியிலிருந்து வாவி கடக்கும் பாதையில் ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்கிப் போகிற ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வயது இருபத்திநாலு. புருசன் கட்டாரில். நம் மட்டக்களப்பு வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்குத்தான் வீடு, கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்கு வருவான். அதனால் பிள்ளை பெற்றவளுக்குத் தன் தாய் பக்கத்திலேயே இருப்பாள். சரக்கு அரைத்துக் கறி வைப்பதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், 'நீ கொஞ்சம் படு மகள்' என்று பிள்ளையை வாங்கிக்கொள்வதும் அவள்தான். இது நமக்குக் கிடைத்த பெரிய பலம். ஆனால் இவளுடைய தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். கடனில் கட்டிய வீடு அது. வீடு இருந்தது, வீட்டுக்குள் இருக்க வேண்டியவள் இல்லை. இப்படி எத்தனை வீடுகள் இன்று நம் பக்கம் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

மகனுக்கு இருபது மாதம். கதை வரவில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்ப மாட்டான். 18 மாத ஊசிக்கே பிந்தித்தான் வந்தாள். கொப்பியில் விருத்திப் பகுதியைப் பார்த்தேன், பல கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. நான் என்ன செய்தேன்? வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் என்று எட்டு விடயம் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தேன். முகத்துக்கு நேரே இருந்து கதைக்க வேண்டும், படம் காட்டிப் பெயர் சொல்ல வேண்டும், போனைக் கொடுக்கக் கூடாது, இப்படி எட்டு. அடுத்த மாதம் வந்தாள். தாள் கொப்பிக்குள் வைத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் ஏசினேன். 'பிள்ளையில அக்கறை இல்லையா மகள்?' என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கொப்பியில் 'தாயின் கவனிப்புப் போதாது' என்று எழுதினேன். அந்த வரியை எழுதிய கை என் கைதான்.

பிறகு வீட்டுக்குப் போனேன். பத்து மணி வெயில், கதவு பாதி சாத்தியிருந்தது. அடுப்பு மூட்டவில்லை. பிள்ளை நிலத்தில் போனோடு இருந்தான். அவள் சுவரில் சாய்ந்து இருந்தாள். தலை வாரிப் பல நாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், ஏலவில்லை. பக்கத்தில் இருந்து, 'நீ சாப்பிட்டியா மகள்?' என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அழத் தொடங்கினாள். வெகுநேரம் அழுதுவிட்டுச் சொன்னாள்: 'மிஸ், அந்தத் தாளில உள்ள எட்டும் நான் செய்யாததாலதானே அவன் கதைக்கிறானில்ல?'

இதற்கு நான் இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது, ஏன் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

தாயின் மனச்சோர்வு பிள்ளையைத் தொடுவது உண்மை. எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு பரிசோதனை செய்தார். தாய் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், குழந்தையும் கையை ஆட்டிச் சத்தம் போடுகிறது. பிறகு தாய் இரண்டு மூன்று நிமிடம் முகத்தை அசைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் எழுப்பும். பதில் இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். கதை என்பது குழந்தைக்கு வாயில் தொடங்குவதில்லை. அது ஒரு சத்தம் போட, நாம் ஒரு சத்தம் போட, அந்த மாறி மாறிப் போடும் ஆட்டத்தில்தான் தொடங்குகிறது. சோர்ந்துபோன தாயால் பதில் போட ஏலாது. அவளுக்கு அன்பு இல்லாமல் அல்ல, முகத்தை அசைக்கவே பலம் இல்லாமல்.

ஆனால் அந்தப் பரிசோதனையின் மூன்றாவது பகுதியைப் பலர் சொல்வதில்லை. தாய் திரும்பவும் சிரிக்கும்போது பிள்ளையும் கொஞ்சம் சிணுங்கிவிட்டுத் திரும்பி வருகிறது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல சுகத்தோடு இருக்கிற தாயும் நாள் முழுக்கப் பிள்ளையோடு ஒத்து ஆடிக்கொண்டிருப்பதில்லை. விடுவதும் பிடிப்பதும்தான் இயற்கை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை கதைக்கப் பிந்துவதற்குக் காரணங்கள் பல. காது கேட்பதில் குறை இருக்கலாம், ஓட்டிசம் இருக்கலாம், மாதம் முடியாமல் பிறந்திருக்கலாம். ஒரு காலத்தில் மேல்நாட்டு வைத்தியர்களே ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மாரை பாசம் இல்லாத பெண்கள் என்று பழித்தார்கள். அது முழுப் பிழை என்று எப்போதோ தெரிந்துவிட்டது. தாயின் சோர்வால் ஓட்டிசம் வராது. பிள்ளையின் குறையை நினைத்தே தாய் சோர்ந்துபோவதும் உண்டு. எது முந்தியது என்று வீட்டில் இருந்து வழக்காடுவதில் பயன் இல்லை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உதவி தேட வேண்டும்.

'அவன்ட அப்பாவும் நாலு வயசிலதான் கதைச்சவர்' என்று பெத்தாமார், அதாவது பாட்டிமார், சொல்வதை நான் நூறு வீட்டில் கேட்டிருக்கிறேன். அன்பால் சொல்கிறார்கள். ஆனால் பொறுத்திருக்க வேண்டாம். ஊசி நாட்களை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். 9 மாத ஊசிக்கு வரும்போது பிள்ளை யாரும் பிடிக்காமல் தனியே உட்கார்ந்திருக்க வேண்டும், பா பா, மா மா என்று சத்தம் போட வேண்டும், சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். 18 மாத ஊசிக்குள் தனியே நடக்க வேண்டும், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும், சில சொற்களாவது வர வேண்டும். 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும், 'அம்மா வா', 'பால் தா' என்று. வந்த சொல் எந்த வயதிலாவது மறைந்துபோனால் ஒரு கிழமைகூடக் காத்திருக்க வேண்டாம். கதை பிந்திய பிள்ளைக்கு முதல் வேலை காதுப் பரிசோதனை. கண்ணூறு கழிப்பதும், நூல் கட்டுவதும், தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் உங்கள் மனத்துக்கு ஆறுதல் என்றால் செய்யுங்கள். அதே கிழமையில் கிளினிக்குக்கும் வாருங்கள்.

இனித் தாய்க்கு வருகிறேன். பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது வழமை. இரண்டு கிழமைக்குள் அது போய்விடும். போகாமல் நின்றால், பிள்ளை தூங்கியும் தனக்கு நித்திரை வராவிட்டால், விருப்பமானதில் விருப்பம் போய்விட்டால், 'என்னால ஏலாது, நான் நல்ல தாய் இல்ல' என்ற நினைப்பே சுற்றிச் சுற்றி வந்தால், அது மனச்சோர்வு என்ற வருத்தம், ஒரு நோய். விசர் அல்ல, சோம்பலும் அல்ல. 1987இல் ஸ்கொட்லாந்தில் உருவான, 10 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த 7 நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று அது கேட்கும். நம் கிளினிக்குகளிலும் அதைப் பாவிக்கிறார்கள். மிஸ் அதை நீட்டினால் தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். 'பிள்ளையப் பறிச்சிருவாங்களோ' என்று பயந்து பொய் சொன்ன தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அந்தத் தாள் உதவி தருவதற்குத்தான்.

மருந்து தேவைப்பட்டால், பால் கொடுக்கும் தாய்க்கும் பாவிக்கக்கூடிய, பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மருந்துகள் இருக்கின்றன. வைத்தியரிடம் பால் கொடுப்பதைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மூன்று கிழமையில் பெரிய மாற்றம் தெரியாது. 'வேலை செய்யல்ல' என்று நிறுத்திவிடுகிறவர்கள் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். சுகம் தெரிந்த பிறகும் வைத்தியர் சொல்லும்வரை தொடருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் கட்டத் தேவையில்லை. தூரம் என்றால் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், கிட்ட உள்ள இடத்தைச் சொல்வார்கள்.

மருந்து மட்டுந்தானா என்றால் இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற வைத்தியரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த வேலை 2008இல் வெளிவந்தது. வைத்தியர்களை அல்ல, என்னைப் போல வீடு வீடாகப் போகும் ஊர்ப் பெண்களைப் பழக்கினார்கள். கர்ப்பத்திலேயே மனச்சோர்வு இருந்த தாய்மாரிடம் அவர்கள் போய், இருந்து, கேட்டு, சின்னச் சின்ன வேலையாகத் தொடங்க வைத்தார்கள். பிள்ளைக்கு 6 மாதமானபோது, வழமையான வருகை மட்டும் கிடைத்த தாய்மாரில் 100க்கு 53 பேருக்கு மனச்சோர்வு இருந்தது, இந்த உதவி கிடைத்தவர்களில் 23 பேருக்குத்தான் இருந்தது. தாயும் தந்தையும் பிள்ளையோடு விளையாடும் நேரமும் கூடியது. இதைப் படித்த அன்று நான் இரவு நெடுநேரம் விழித்திருந்தேன். அப்போதைக்கே பதினைந்து வருடமாக அந்தக் கதவுகளுக்குள் போய் வந்தவள்தானே நானும்.

சரி, அந்தத் தாய்க்கும் மகனுக்கும் என்ன செய்தோம்? எட்டுப் பயிற்சித் தாளை நானே திருப்பி வாங்கிக்கொண்டேன். அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். கிணற்றடியில் குளிக்க வார்க்கும்போது, ஒவ்வொரு வாளிக்கும் அவன் முகத்தைப் பார்த்து அவன் பெயரைச் சொல்லு. வார்க்க முதல் ஒரு கணம் நில்லு, அவன் உன்னைப் பார்க்கட்டும். அவ்வளவுதான். எப்படியும் குளிப்பாட்டத்தானே வேண்டும், அதற்கென்று தனி நேரம் தேவையில்லை. அடுத்த வீட்டுப் பெரியம்மாவிடம் போனேன். 'அந்திக்கு ஒரு மணித்தியாலம் பொடியனை வைச்சிருங்க, அவள் படுக்கட்டும்' என்றேன். பெரியம்மா, 'கேட்டிருந்தா எப்பவோ வைச்சிருப்பனே' என்றார். அவர் மடியில் வைத்து அவன் உள்ளங்கையில் பருப்புக் கடைவார், கையில் நண்டு ஊர விடுவார். நாம் எல்லோரும் விளையாடிய அந்த விளையாட்டில் பேச்சுப் பயிற்சி முழுதும் இருக்கிறது. முகம் பார்ப்பது, காத்திருப்பது, கிச்சுக்கிச்சு வரப்போகிறது என்று பிள்ளை முன்கூட்டியே சிரிப்பது எல்லாம் அதில் உண்டு.

கட்டாரில் இருந்த புருசனோடு வீடியோவில் நானே கதைத்தேன். அவன் தினமும் கேட்டது, 'மகன் இன்னும் கதைக்கிறானில்லையா?' என்பதைத்தான். 'தம்பி, இனி முதல்ல அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்க' என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்கும் நித்திரை இல்லை என்றான். தந்தைமாருக்கும் இந்த வருத்தம் வரும். ஆம்பிளை அழுவதில்லை, கோபப்படுவான் அல்லது குடிப்பான். அதனால் நாம் அதை வருத்தமாகக் காண்பதில்லை.

ஒரு விடயம் மிகக் கவனமாகச் சொல்ல வேண்டும். 'நான் இல்லாட்டி நல்லம்' என்று ஒரு தாயோ தகப்பனோ சொன்னால், அதை வாய்ப்பேச்சு என்று விடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தலை வீட்டில் வைக்காதீர்கள், வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும்.

அவளை நான்தான் பஸ்ஸில் கூட்டிப் போனேன். முதல் நாள் போக மாட்டேன் என்றாள், ஊர் பார்க்கும் என்றாள். மகனின் காதுப் பரிசோதனைக்கும் அதே நாளில் திகதி வாங்கினேன். 'எங்க போறீங்க?' என்று கேட்டவர்களுக்குப் பொடியனின் காதைக் காட்டப் போகிறோம் என்று உண்மையையே சொன்னோம். காதுக்குள் நீர் கட்டியிருந்தது. வைத்தியம் பார்த்தார்கள். பிறகு பேச்சுச் சிகிச்சைக்கும் அனுப்பினார்கள்.

3 வயது ஊசிக்கு இருவரும் வந்தார்கள். அவன் வயதுக்குரிய கதை இன்னும் முழுதாக வரவில்லை. ஆனால் தராசைக் கண்டு 'வேணாம்' என்று தெளிவாகச் சொன்னான். அவள் தலை வாரிப் பூ வைத்திருந்தாள். ஊசி போட்டு முடித்து, அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

'மிஸ், அந்த எட்டு எழுதின தாள் இன்னும் இருக்கா? இப்ப தாங்க.'