நிறைகுடத்தின் மூடியைத் திறவுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

மேலிடத்தின் கண்ணில் பட உழைப்பு மட்டுமே போதும் என்று வாதிட்ட எதிரணி நண்பர், "நிறைகுடம் தளும்பாது, தம் வேலையைத் தாமே சொல்லிக்கொண்டு திரிபவர்கள் குறைகுடங்கள்" என்று எங்களைச் சாடிவிட்டு, கைதட்டலோடு அமர்ந்தார். அந்தக் குடத்தை அப்படியே விட்டுச் செல்ல எனக்கு மனமில்லை. நிறைகுடம் தளும்பாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடியிருக்கும் குடம் நிறைந்திருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்பது தாகத்தோடு வருபவருக்கு எப்படித் தெரியும்? மூடியைத் திறந்து காட்டுவதைத் தளும்பல் என்று பழிப்பது நியாயமா? நூறு பேரின் வேலையை ஒரே பக்க அறிக்கையில் படிக்கும் இயக்குநருக்கு, அந்தப் பக்கத்தில் இடம்பெறாத உழைப்பு நடக்காத உழைப்புதான். அவரைக் குறை சொல்லவும் முடியாது; அவர் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து அவ்வளவுதான் தெரியும்.

1968-இல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தில் வலுவான பசையைத் தேடிக்கொண்டிருந்த வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வருக்குக் கிடைத்ததோ, லேசாக ஒட்டி, இழுத்தவுடன் சுவடின்றி உரிந்துவிடும் பசை. அதற்கு என்ன பயன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நண்பர் சொல்லும் நிறைகுடமாக அவர் வாய்மூடி இருந்திருந்தால், அந்தப் பசை ஆய்வகக் குப்பியிலேயே காய்ந்து போயிருக்கும். அவரோ நிறுவனத்துக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் அதைப் பற்றிப் பேசினார். ஆர்வம் காட்டாதவர்களிடம் மறுபடியும் பேசினார். அதைக் கேள்விப்பட்டிருந்த அதே நிறுவன ஊழியர் ஆர்ட் ஃப்ரை, தேவாலயத்தில் பாடும்போது பாடல் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள்கள் நழுவி நழுவி விழுந்த எரிச்சலில், 1974-இல் அந்தப் பசையை நினைத்துக்கொண்டார். கவனியுங்கள் நடுவர் அவர்களே, ஒருவர் சொல்லி வைத்திருந்ததால்தான் இன்னொருவரால் நினைத்துக்கொள்ள முடிந்தது! அதன் பிறகு ஃப்ரை ஓர் அறிக்கையின் மேல் அந்தப் பசை தடவிய தாளை ஒட்டி, அதில் ஒரு கேள்வியை எழுதி மேலாளருக்கு அனுப்பினார். மேலாளர் பதிலையும் அதே தாளிலேயே எழுதித் திருப்பி அனுப்பினார். தம்பட்டம் எதுவுமின்றி, வேலையே மேலாளரின் மேசைக்கு நடந்து போயிற்று. 1980-இல் போஸ்ட்-இட் என்ற, ஒட்டி உரிக்கும் அந்தக் குறிப்புத் தாள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. அந்த 12 ஆண்டுகளில் சில்வர் பேசிய பேச்சையெல்லாம் தளும்பல் என்பாரா என் நண்பர்?

அவையோரே, வாதம் கிடக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். என்னோடு இரவுப் பணியில் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொண்ட அவர், கோளாறு தலைதூக்கும் முன்பே அதைச் சரிசெய்து, தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் பென்சிலால் குறித்துவிட்டு, விடியற்காலையில் வீட்டுக்குப் போய்விடுவார். எதுவும் நின்றுபோகாததால், காலையில் வருபவர்கள் அவரைப் பற்றிப் பேசவும் எதுவும் இருந்ததில்லை. அவர் ஓய்வுபெற்ற நாளில், நினைவுப் பரிசு வழங்க வந்த நிறுவனத் தலைவர், பக்கத்தில் நின்றவரிடம், "இவர் எந்தப் பிரிவு?" என்று மெல்லக் கேட்டார். ஒலிவாங்கி அதை அரங்கம் முழுவதற்கும் சொல்லிவிட்டது. முன்வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நோட்டு அப்போது என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை நகலெடுத்து நான் மேலே அனுப்பியிருந்தால் போதும், அந்தக் கேள்வி எழுந்திருக்காது. குனிந்த அந்தப் பெண்ணின் முகத்தை மனத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.